செலவழிக்கத் தெரியாத பி.டி. மேடம்

எங்கள் கல்லூரியில் எந்தக் கருத்தரங்கு முடிந்தாலும், சிறப்பு விருந்தினரின் கார் வாசலைத் தாண்டுவதற்குள் மேடைக்குப் பின்னால் ஓர் ஏணி வந்து நின்றுவிடும். ஏணியின் உச்சியில் பி.டி. மேடம் இருப்பார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க, ஃப்ளெக்ஸ் பேனரின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருப்பார். கத்தரிக்கோல் கொடுத்தால் வாங்க மாட்டார். கயிறும் அவருக்கு வேண்டும்.

அந்தப் பேனர்கள் எல்லாம் மைதானத்துக்குப் போய்ச் சேரும். மழைக்காலத்தில் நீளம் தாண்டும் மணல் குழிக்குப் போர்வை. வெயில் காலத்தில் இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே பந்தல். காலைப் பயிற்சி முடிந்ததும் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடப் பாய். ஒருநாள் மைதானப் பக்கம் போன முதல்வர் திகைத்து நின்றுவிட்டார். போன வாரம் அவர் மாலை போட்டு வரவேற்ற பொருளாதார நிபுணரின் முகத்தின் மேல் எங்கள் கோ-கோ அணி உட்கார்ந்து அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தது.

"மேடம், அவர் எவ்வளவு பெரிய மனுஷர் தெரியுமா?" என்றார் முதல்வர்.

"அதான் சார் நல்லா அகலமா கீறாரு. மொத்த டீமும் குந்திக்கினு கீது பாருங்க" என்றார் மேடம். கிண்டல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே பாராட்டினார்.

நான் வணிகவியல் ஆசிரியன். விளையாட்டுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. மேற்கு மாம்பலத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுவதுதான் நான் வாழ்க்கையில் ஓடிய ஓட்டம். புதிதாக வந்தவன் தலையில் எதையாவது கட்டுவது கல்லூரிகளின் வழக்கம். அப்படித்தான் விளையாட்டுத் துறையின் வரவு செலவைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நந்தனத்து வெயிலில் அந்த மைதானத்தை முதன்முதலாக மிதித்தது அதற்காகத்தான். பி.டி. மேடம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கணக்கு பாக்க வந்தீங்களா? இங்க செலவே கெடையாதே சார், இன்னாத்த பாப்பீங்க?" என்று கேட்டார்.

சொன்னது பொய்யில்லை. செலவு செய்வது என்றால் அந்த அம்மாளுக்கு உடம்பு வலிக்கும். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பு, சாந்தோமில் அவர் கும்பிடும் மாதா கோவிலுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சியது. படித்து முடித்துப் போகும் பெண்ணின் ஜெர்சி புதிதாக வருகிற பெண்ணுக்கு. முதுகில் இருக்கும் எண்ணைப் பிரித்து வேறு எண் தைப்பதும் அவரேதான். கோ-கோவுக்குத் தேவையான இரண்டு கம்பங்களும் ஏதோ ஒரு கட்டடத்தில் சாரம் கட்டிய சவுக்குக் கட்டைகள். அவற்றை அவர் இழைத்து வழவழவென்று ஆக்கியிருந்த அழகை நானே தொட்டுப் பார்த்து வியந்திருக்கிறேன்.

அவரோடு வெளியே போவது தனி அவஸ்தை. ஒருமுறை லஸ் முனையில் சுண்ணாம்பு மூட்டையோடு ஆட்டோவுக்கு நின்றோம். ஓட்டுநர் ஒரு தொகை சொன்னார். மேடம் சொன்ன தொகையைக் கேட்டு அவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

"இன்னாக்கா, பஸ்ஸு டிக்கெட் காசுல ஆட்டோ கேக்கற? நீ வந்து ஓட்டு, நான் பின்னாடி குந்திக்கினு வரேன்."

"குந்திக்கோ நைனா. எனக்கு ஓட்டத் தெரியும்" என்றார் மேடம்.

அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலை மட்டும் இறங்கவில்லை. கடைசியில் பஸ்ஸில்தான் வந்தோம். என் கறுப்புப் பேன்ட் வெள்ளையாகிவிட்டது. அதற்கு அவர் வருத்தப்படவில்லை. சுண்ணாம்பு கொட்டிப்போனதே என்றுதான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தில் ஒட்டுப் போடாத முனையே இல்லை. அவருடைய கணவர் என்னை உட்காரவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கேக் குடுப்பா சார், சாப்பிடுங்க. இன்னொரு துண்டு மட்டும் கேட்டுராதீங்க. நானே இன்னும் கேட்டதில்ல." ஆனால் உள்ளறையில் கோ-கோப் பெண்கள் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் கரண்டி திரும்பத் திரும்பப் போனது. சொந்தக் காசு என்றால் அவருக்குக் கை நீளும். கல்லூரிக் காசு என்றால்தான் சுருங்கிவிடும். இது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.

பயிற்சி கொடுப்பதிலும் அதே குணம்தான். மற்றப் பயிற்சியாளர்கள் "ஓடு, ஓடு" என்று கத்துவார்கள். இவர், "இன்னாத்துக்குடி இந்த ஓட்டம்? குந்திக்கினு கீறவ எழுந்திருக்கட்டும், அப்பறம் ஓடலாம். மூச்ச மிச்சம் புடி" என்பார். கோ-கோவில் ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராகத்தான் களத்தில் இறங்குவார்கள். மூவரையும் துரத்திப் பிடித்த பிறகு அடுத்த மூவர். எல்லாரும் கெட்டிக்காரிகளை முதலில் இறக்குவார்கள். மேடம் தன்னிடம் இருந்த ஆகச் சிறந்த ஓட்டக்காரியான சங்கவியை எப்போதும் கடைசியில்தான் இறக்குவார். காரணம் கேட்டால், "பர்ஸ்ல புது நோட்டு இருந்தா அதையா சார் மொதல்ல மாத்துவீங்க?" என்பார்.

சங்கவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி. அரசாங்கத்தார் ஆற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டைக் காலி செய்யவைத்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, நடுவில் ஒரு பஸ் மாறி, காலைப் பயிற்சிக்கு வந்துவிடுவாள். அணியில் பாதிப் பேர் அப்படி வருகிறவர்கள்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்ததால் அவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கிடையாது. அணி இருக்கும்வரை ஒதுக்கீடு. அணி இல்லையென்றால் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது வீட்டுக்குப் போக வேண்டும்.

அப்படிப்பட்ட அணிக்குத்தான் ஒரு ஜனவரியில் ஆபத்து வந்தது. கல்லூரியின் தாளாளராக இருந்த பெரியவர் காலமாகி, அவருடைய மகன் தாளாளராக வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பவர். அவருக்குக் கூடைப்பந்து மேல் ஆசை. பளபளவென்று ஒரு தளம் போட வேண்டும், தேசிய அளவில் ஆடிய ஒருவரை ஒப்பந்தத்தில் பயிற்சியாளராகக் கொண்டுவர வேண்டும், அதன் படத்தைச் சேர்க்கை விளம்பரத்தில் போட வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று தேடியபோதுதான் விளையாட்டுத் துறையின் கணக்கு அவர் கண்ணில் பட்டது.

விளையாட்டுத் துறைக்கென்று அவர் கூட்டிய கூட்டத்துக்கு மேடம் நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வருடா வருடம் ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். புதிய தாளாளர் அதைக் கவனித்துவிட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தாளாளர் வாசித்தார். "கோ-கோ. ஒவ்வொரு வருஷமும் பாதிக்கு மேல மிச்சம்."

மேடம் முகமெல்லாம் சிரிப்போடு எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப இந்த டீமுக்குப் பணம் தேவைப்படலைன்னுதானே அர்த்தம்? நாமளும் சீரியஸா நடத்தல. நிறுத்திட்டு, இதைக் கூடைப்பந்துக்கு மாத்திடலாமே."

அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்க நேரமாயிற்று. காதில் விழுந்தது மனதில் ஏறவில்லை போல. எனக்கு அவரைப் பார்க்கவே மனம் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். முதல்வர்தான் குறுக்கே விழுந்து, மார்ச் கடைசியில் நம் மைதானத்திலேயே கோ-கோ போட்டி நடக்கிறது, அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், அதுவரை இந்த வருடத் தொகையை முழுக்கப் பயன்படுத்தட்டும் என்று சமாதானம் பேசினார். தாளாளர் ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மிச்சம் புடிச்சது தப்பா சார்?"

"தப்பில்ல மேடம். ஆனா ஆபீஸ் கணக்குல மிச்சம்னா, தேவையில்லன்னுதான் எடுத்துப்பாங்க. எல்லா டிபார்ட்மென்ட்டும் மார்ச்சுல அடிச்சுப் பிடிச்சு செலவு பண்றது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"மாதாவே!" என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "பெரியவர் கையில டீம் கேட்டப்போ, பொம்பளப் பசங்க ஆட்டத்துக்கெல்லாம் பணமில்லம்மான்னுட்டாரு. செலவே வெக்க மாட்டேன் சார், ரெண்டு கட்டை போதும்னு சொல்லித்தான் வாங்கினேன். செலவு காட்டினா புடுங்கிப்பாங்கன்னு ஒரு பயம் சார். அந்தப் பயத்துலயே இத்தினி வருஷம் ஓட்டிட்டேன்."

செலவு காட்டாததால் பிடுங்க வருவார்கள் என்று பாவம் அவருக்கு யார் சொன்னார்கள்?

சரி, செலவு செய்தே தீருவது என்று மார்ச் நடுவில் தியாகராய நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் புறப்பட்டோம். மூட்டை தூக்கக் கூலி மிச்சம் என்று சங்கவியையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புது ஜெர்சி எடுத்து வைத்தார் கடைக்காரர். விலை சொன்னார். மேடம் மூன்றில் ஒரு பங்கு சொன்னார்.

"இந்த வெலைக்குத் துணிகூட வராதும்மா. தைச்ச கூலி யார் குடுப்பா?"

"மொத்தமா எடுக்கறோம் இல்ல? காலேஜுக்கு சார். ஏழப் பசங்க."

அரை மணி நேரம். கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். மேடம் வெற்றிப் புன்னகையோடு என் பக்கம் திரும்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"மேடம், நாம வந்தது பணத்தைக் கரைக்க. நீங்க இருக்கற பணத்தைக் குட்டி போட வைக்கிறீங்க!"

"தெரியும் சார். ஆனா அவன் சொன்ன வெல அநியாயம்" என்றார். குழந்தை மாதிரி விழித்தார். இந்த அம்மாளை என்ன செய்வது?

"வேற என்ன வாங்கலாம்?" என்று யோசித்து, "ஷூ" என்றேன். மேடம் தயங்கினார். கோ-கோ என்றால் வெறுங்கால்தானே என்றார். எதற்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று நான்தான் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்ன சைஸ் என்று கேட்டார். மேடத்துக்குத் தெரியவில்லை. பெண்களுக்கும் தெரியவில்லை.

"நீ இங்க குந்துமா, கால நீட்டு" என்று கடைக்காரர் சங்கவியை முக்காலியில் உட்கார வைத்தார். அவள் கூச்சத்தோடு காலை நீட்டினாள். உள்ளங்காலில் தோல் உரிந்து காய்ந்து, அதன் மேல் மறுபடியும் உரிந்திருந்தது. குதிகாலில் கல் குத்திய பள்ளங்கள். பெருவிரல் நகம் பாதிதான் இருந்தது. மைதானத்துச் சூடு இரண்டு வருடத்தில் செய்த வேலை.

"எரியாதா பாப்பா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எரியும் அங்கிள். வூட்டுக்குப் போயி தண்ணில வெச்சிக்குவேன்."

மேடம் குனிந்து அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். தினமும் அது ஓடுவதை மட்டுமே பார்த்தவர், அப்போதுதான் அது ஓடாமல் இருக்கும்போது பார்த்தார். மற்ற இரண்டு பெண்களையும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்.

கடைக்காரர் நல்ல ஷூ ஒன்றை எடுத்து வைத்து விலையைச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த அரை மணி நேரத்துக்குத் தயாராக மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டீம் மொத்தத்துக்கும் குடுங்க. மத்த பசங்கள நாளைக்குக் கூட்டியாந்து அளவு பாக்கறேன். பில்லு போடுங்க" என்றார் மேடம்.

"அம்மா?"

"போடுங்க சார்."

கடைக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. "இல்லம்மா, உங்களுக்குன்னு கொஞ்சம் கொறைச்சுக்கறேன்" என்று அவராகவே ஆரம்பித்தார். மேடம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நடைபாதைக் கூட்டம் இடித்துக்கொண்டு போனது அவருக்கு உறைக்கவே இல்லை.

போட்டியன்று நல்ல வெயில். தாளாளர் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரணி புறநகரிலிருந்து வந்த ஒரு கல்லூரி. எங்கள் பெண்கள் புது ஷூவில் அன்னியமாக நடந்தார்கள். இரண்டு வாரப் பழக்கம் போதவில்லை. கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது கால் நழுவியது. நொடியில் எழுந்து பாய வேண்டியவர்கள் ஒரு இழை பிந்தினார்கள். பாதி ஆட்டத்தில் பின்தங்கிவிட்டோம்.

இடைவேளையில் சங்கவி ஓடி வந்தாள். ஷூ கயிறு ஏற்கெனவே பாதி அவிழ்ந்திருந்தது. "கழட்டிட்டு ஆடறோம் மேடம். ரெண்டு நிமிஷத்துல அவுங்கள புடிச்சிருவோம். ப்ளீஸ் மேடம்."

நானும் கெஞ்சினேன். "கழட்டச் சொல்லுங்க மேடம். இன்னிக்குத் தோத்தா டீமே போயிடும். இதுங்க எங்க போகும்?"

மேடம் தன் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் போய் நின்றார். நின்றது நின்றபடியே இருந்தார். தரைச் சூட்டில் முகம் சுருங்குவது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு வேகமாகத் திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கட்றி கயித்த" என்றார் சங்கவியிடம். "எவளாவது கழட்டினீங்க, ஆட்டத்த நிறுத்திருவேன்."

ஷூவோடுதான் ஆடினார்கள். உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கடைசியில் இறங்கிய சங்கவியை அவர்களால் பிடிக்கவே முடியவில்லை. இருந்தும் ஒரு புள்ளியில் தோற்றோம். பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். எனக்கு மேடத்தின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே!

தாளாளர் எழுந்து வந்தார். விவரம் எல்லாம் யாரோ சொல்லியிருந்தார்கள். "வெறுங்கால்ல ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களாமே?"

"ஜெயிச்சிருப்போம் சார்."

"அப்ப இந்த ஷூ செலவு எதுக்கு? மார்ச்சுல பணத்தைத் தீர்க்கணும்னுதானே?"

"ஆமா சார். தீக்கத்தான் போனேன்" என்றார் மேடம். "போன எடத்துலதான் இதுங்க கால பாத்தேன். வெறுங்கால்ல ஆடறது ஆட்டத்தோட ரூலு இல்ல சார். நான் போட்ட ரூலு. காலேஜுக்கு மிச்சம் புடிச்சுக் குடுத்தேன்னு பெருமையா திரிஞ்சேன். அவ்ளோவும் இதுங்க தோல உரிச்சுப் புடிச்ச மிச்சம். எனக்கு மெமோ குடுங்க, வீட்டுக்கு அனுப்புங்க. இதுங்கள அனுப்பாதீங்க. நல்ல கால வெச்சிக்கினு ஒரு வருஷம் ஆடட்டும், அப்பறம் தோத்தா கேளுங்க."

தாளாளர் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். ஷூவைக் கழற்றிக் காலை ஊதிக்கொண்டிருந்த ஒருத்தியின் மேல் அவர் பார்வை நின்றது. "வெயில் அதிகமா இருக்கு, நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதற்கு என்ன அர்த்தம் என்று கோடை விடுமுறை முழுவதும் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் புதிய நிதி ஒதுக்கீட்டுச் சுற்றறிக்கை வந்தது. கூடைப்பந்துக்குத் தளமும் பயிற்சியாளரும் உண்டு. கடைசி வரியில் கோ-கோவும் இருந்தது, பழைய தொகையோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன், நானே. சங்கவியும் மற்றவர்களும் கூச்சலிட்டுக் குதித்தார்கள். மேடம் மட்டும் அதை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இன்னா சார் இது? ஒரு ரூபா கூட ஏத்தல?"

"மேடம், டீம் இருக்கு மேடம்! அதுவே பெரிய விஷயம்."

"இருக்கறது இருக்கட்டும். இதுங்க ஓடற ஓட்டத்துக்கு ஷூ ஆறு மாசம்கூட வராது. அடுத்த ஜோடிய யாரு வாங்கறது, நீங்களா?"

என்னையும் இழுத்துக்கொண்டு நேராகத் தாளாளர் அறைக்குள் போனார். எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்டார். மேடம் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தாளாளர் பாதியைச் சொன்னார். மேடம் நாற்காலியைவிட்டு எழுந்து, கும்பிடு போட்டுவிட்டு, விலை படியாத கடையிலிருந்து இறங்குவது போல, அவர் திரும்பக் கூப்பிடட்டும் என்று கதவை நோக்கி மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.